நாலாவது கியருக்குப் போகாத கார்

மார்கழி பிறப்பதற்கு முன்பே இந்த வருடம் உறைபனி வந்துவிட்டது. நேற்றுக் காலை காந்தல் பக்கம் நடக்கப் போனேன். புல் முழுக்க உப்பைத் தூவியது போல் வெள்ளை. வீட்டுக்குத் திரும்பி வந்து கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு நண்பர் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார்: "இந்த வருஷமும் வண்டி தகராறு பண்ணுதுங்களா?"

இல்லை என்றேன். எப்படிச் சரியானது என்று அவர் கேட்டார். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது, காபி ஆறிப்போனது. இதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு மூன்று நண்பர்கள் எழுதச் சொல்லியிருந்தார்கள். நம் வயதில் பலரும் இப்போது ஆட்டோமேட்டிக் காருக்கு மாறிக்கொண்டிருப்பதால் யாருக்காவது உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

என் இடது முழங்கால் தேய்ந்து போன கதையை முன்பே எழுதியிருக்கிறேன். கிளட்சை மிதித்து மிதித்து மலைப்பாதையில் ஓட்டுவது இனி முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு, போன வருடம் ஏப்ரலில் கோயம்புத்தூரில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். ஒன்பது வருட வண்டி, பெட்ரோல், நாலு கியர். இரண்டே முக்கால் லட்சம். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். தப்பு அவர்களுடையது அல்ல என்பது கடைசியில் தெரியும்.

இந்த வண்டி எங்களுக்கு ஆடம்பரத்துக்கு அல்ல. என் மனைவிக்குச் சர்க்கரையால் விழித்திரையில் வீக்கம். இடது கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வலது கண்ணைக் காப்பாற்ற மாதம் ஒருமுறை கோயம்புத்தூரில் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். காலை எட்டு மணிக்கு அங்கே இருக்கச் சொல்வார்கள். ஊட்டியிலிருந்து மூன்று மணி நேரம், நடுவில் ஒரு டீ. அதாவது நாலரைக்குக் கிளம்ப வேண்டும். ஊசியைத் தள்ளிப்போட்டால் வீக்கம் திரும்ப வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனவே அந்த ஒரு நாள் வண்டி ஓடியே ஆக வேண்டும்.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை ஒரு குறையும் இல்லை. டிசம்பர் முதல் வாரம் தொடங்கியது.

அதிகாலையில் வண்டியைக் கிளப்பி, கம்பியை 'டி'யில் போட்டால் இரண்டு விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு யாரோ பின்னாலிருந்து இடித்தது போல 'தொப்' என்று ஒரு குலுக்கல். வண்டி நகரும். முதல் கியர், இரண்டு, மூன்று வரை போகும். அதற்கு மேல் போகாது. சேரிங் கிராஸ் தாண்டியும் மூன்று. லவ்டேல் பிரிவு தாண்டியும் மூன்று. கேத்தி பள்ளத்தாக்கு, எல்லநள்ளி, அருவங்காடு எல்லாம் தாண்டி குன்னூர் வரை மூன்றிலேயே இன்ஜின் முனகிக்கொண்டு வரும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் 1,900 சுற்று காட்ட வேண்டிய மீட்டர் 2,700 காட்டும். குன்னூருக்குக் கீழே எப்படியும் தாழ்ந்த கியரில்தான் இறங்குவோம், அதனால் அங்கே எதுவும் தெரியாது. கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையம் சமவெளிக்கு வந்த பிறகு, திடீரென்று பூனை போல நாலாவது கியர் விழும். இன்ஜின் சத்தம் அடங்கும்.

மத்தியானம் திரும்பி வரும்போது அதே வண்டி, அதே பாதை, ஒரு குறையும் இல்லை. குன்னூர் தாண்டியபின் சமமான இடம் கிடைத்தால் உடனே நாலாவது கியருக்குப் போய்விடும்.

என் மைத்துனர், "ஆட்டோமேட்டிக் வாங்காதீங்க மாமான்னு அப்பவே சொன்னேன்" என்றார். ஆறுதல் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

ஊசிக்குப் போன அன்று, மனைவி ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில், பக்கத்தில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே வெயில் முப்பது டிகிரி. ஓட்டிப் பார்த்தார்கள், எல்லாம் ஒழுங்காக விழுந்தது. ஆனாலும் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "உள்ளே கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்குங்க சார். கியர் பாக்ஸை இறக்கித்தான் பார்க்கணும்" என்றார் மேஸ்திரி. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும், இறக்கிய பிறகு கூடவும் ஆகலாம், பதினைந்து நாள் வண்டி இருக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, "என் வளையல் ரெண்டு சும்மாதானே பெட்டியில கிடக்கு" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் கணக்குப் போட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பிலிம் பேக்டரியில் இருபத்தெட்டு வருடம் கருவிகளைப் பராமரித்தவன் நான். அங்கே எங்கள் பழைய போர்மன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஒரு இயந்திரத்தைத் திறப்பதற்கு முன் அது எப்போது தப்பு செய்கிறது, எப்போது செய்யவில்லை என்று இரண்டையும் எழுது என்பது. நாற்பது வயது வரை அதைக் கடைப்பிடித்தவன், அறுபத்தெட்டு வயதில் என் சொந்த வண்டிக்கு மறந்துவிட்டேன். மறுநாள் காலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டேன்.

நோட்டில் எழுதியதைச் சொல்வதற்கு முன், இந்த வகை கியர் பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண வண்டியில் நம் காலும் கையும் செய்யும் வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்ற ஒரு வட்டமான பாத்திரம். அதற்குள் இரண்டு காற்றாடிகள் எதிரெதிரே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஒன்றைச் சுற்றினால், அது தள்ளிவிடும் எண்ணெய் மற்றதைச் சுற்றும். கியர் மாற்றுவதும் எண்ணெய்தான். ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தமாக அனுப்ப, அது உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கும் அல்லது விடும். எந்தத் தட்டுக்கு எப்போது எண்ணெய் போக வேண்டும் என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். வேகம், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம், இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் அது உத்தரவு கொடுக்கும்.

எண்ணெய் குளிரில் கெட்டியாகும். பிலிம் மேல் பூசும் கலவையில் ஜெலட்டின் இருக்கும். சூடாக இருந்தால் பால் போல ஓடும், ஆறினால் கட்டியாகிவிடும். ஓரிரு டிகிரி தவறினாலும் பூச்சின் கனம் மாறிவிடும் என்று அந்த நாளில் நாங்கள் படாத பாடு படுவோம். கியர் எண்ணெய் அவ்வளவு மோசமில்லை என்றாலும், இரண்டு டிகிரியில் அது தொண்ணூறு டிகிரியில் இருப்பது போல ஓடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களும் வயதானால் விறைக்கும். சூடு ஏறினால்தான் அவை இளகி எண்ணெயைத் தடுத்து நிறுத்தும். எனவே காலையில் 'டி' போட்டதும் வந்த அந்த இரண்டு விநாடித் தாமதத்துக்குக் காரணம் எண்ணெயாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். காலையில் பானட்டைத் திறந்து, குளிர்ந்த வண்டியில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் கீழே இருந்தது. கடையில் அரை லிட்டர் வாங்கி ஊற்றிவிட்டேன். வண்டி இன்னும் மோசமானது. பிறகுதான் கையேட்டை எடுத்துப் படித்தேன். படித்துவிட்டு ஊற்றியிருக்க வேண்டும்! அந்தக் கம்பியில் இரண்டு ஜோடிக் கோடுகள். ஒன்று குளிர்ந்த எண்ணெய்க்கு, மற்றது சூடான எண்ணெய்க்கு. சூடானால் எண்ணெய் விரியும், மட்டம் உயரும். நான் குளிர்ந்த எண்ணெயைச் சூட்டுக் கோட்டோடு ஒப்பிட்டுவிட்டேன். அதிகமாக ஊற்றினால் சுழலும் பற்சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் இருப்பது காற்று, காற்றுக்கு அழுத்தம் கொடுத்தால் சுருங்கிக்கொள்ளும், தட்டை இறுக்காது. ஒரு மெல்லிய குழாயும் பெரிய ஊசிக் குழலும் வைத்து அரை லிட்டரை உறிஞ்சி எடுப்பதற்குள் முதுகு போய்விட்டது.

சரியான முறை இது: இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி கம்பியை எல்லா இடங்களுக்கும் ஒரு முறை கொண்டுபோய், 'பி'யில் வைத்து, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்கின்றன. பல புது வண்டிகளில் டிப் ஸ்டிக்கே கிடையாது. எனவே உங்கள் வண்டிக் கையேடு சொல்வதே வேதம். இந்த முறைப்படி பார்த்தபோது என் வண்டியில் எண்ணெய் மட்டம் சரியாகவே இருந்தது. நிறம்தான் சிவப்பாக இல்லாமல் டீ டிகாக்ஷன் போல இருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கருகிய வாடை இல்லை, இரும்புத் தூள் இல்லை. உள்ளே தட்டுகள் உரசித் தேய்ந்திருந்தால் இந்த இரண்டும் இருந்திருக்க வேண்டும். மேஸ்திரி சொன்னதில் எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

நோட்டில் காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினேன். முதலில் உயரம். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். இங்கே காற்று கடல்மட்டத்தில் இருப்பதைவிட நாலில் ஒரு பங்கு குறைவு, இன்ஜினுக்குத் தெம்பு குறையும். அதனால் மேல் கியருக்குப் போகத் தயங்கலாம். ஆனால் மத்தியானமும் ஊட்டி அதே உயரத்தில்தானே இருக்கிறது! அடித்துவிட்டேன். அடுத்தது மேடு பள்ளம். அதே பாதைதான். அடித்துவிட்டேன். மூன்றாவது தேய்ந்த தட்டு. தேய்ந்த தட்டு வழுக்கும். இன்ஜின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. என் வண்டியில் மூன்றாவது கியர் இறுக்கமாகப் பிடித்துத்தான் ஓடியது, நாலாவதும் விழுந்த பிறகு வழுக்கவில்லை. அது வழுக்கி விடவில்லை, நாலாவது கியரைப் போடும் உத்தரவே வரவில்லை என்று தோன்றியது. மீதி இருந்தது குளிர் ஒன்றுதான்.

குளிர் என்றால் எதன் குளிர்? வெளிக் குளிரா, கியர் எண்ணெயின் குளிரா, இன்ஜினின் குளிரா? என் வண்டியில் சூட்டு முள் கிடையாது. குளிராக இருந்தால் ஒரு நீல விளக்கு எரியும், ஓரளவு சூடானால் அணையும், மிகவும் சூடானால் சிவப்பு எரியும். நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் செருகும் ஒரு சின்ன ஸ்கேனரை ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு வாங்கி அனுப்பினான். அது புளூடூத்தில் போனோடு பேசும், இன்ஜின் தண்ணீரின் சூடு எத்தனை டிகிரி என்று போனில் காட்டும்.

அதற்குப் பிறகு ஆறு நாள் காலையும் மத்தியானமும் ஓட்டி எழுதினேன். மனைவி பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எண்ணைப் பெரிதாக்கி வைத்தால் அவளால் படிக்க முடியும். கிளம்பும்போது 6 டிகிரி. லவ்டேல் பிரிவில் 38. எல்லநள்ளியில் 47. குன்னூர் போய்ச் சேர்வதற்குள் இறக்கத்தில் மறுபடி 43. இறக்கத்தில் அணைந்திருந்த நீல விளக்குகூட ஒரு நாள் திரும்ப எரிந்தது. நாலாவது கியர் வந்த இடங்களையும் எழுதினேன். ஒரு நாள் அருவங்காட்டிலிருந்து திரும்பி ஏறும்போது, 56 டிகிரி. ஒரு நாள் ஊருக்குள்ளேயே வெயில் ஏறிய பிறகு, 55. ஒரு நாள் மேட்டுப்பாளையத்தில், 57. கிலோமீட்டர் மாறியது, நிமிடம் மாறியது, ஊர் மாறியது. அந்த எண் மட்டும் மாறவில்லை.

அப்போது புரிந்தது. கம்ப்யூட்டர் வேண்டுமென்றேதான் நாலாவது கியரைக் கொடுக்காமல் வைத்திருக்கிறது. குளிர்ந்த இன்ஜின் சீக்கிரம் சூடாக வேண்டும், புகையைச் சுத்தம் செய்யும் பகுதி வேலை செய்யவும் சூடு வேண்டும் என்பதால், குளிராக இருக்கும்வரை மேல் கியரைத் தடுத்துவைப்பது பல வண்டிகளில் உள்ள ஏற்பாடு. எந்த டிகிரியில் விடும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆக, கியர் பாக்ஸ் சொன்னபடி கேட்கிறது. கேள்வி வேறு: இருபது கிலோமீட்டர் ஓடியும் இன்ஜின் ஏன் 55 டிகிரி சூடாகவில்லை?

விடை என் பக்கத்து இருக்கையில் ஒரு மாதமாக இருந்தது. நான்தான் கேட்கவில்லை. டிசம்பர் முதல் நாளிலிருந்தே மனைவி, "ஏங்க, ஹீட்டரைப் போட்டிருக்கீங்களா இல்லையா? கால் விறைச்சுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். நானும் "போட்டிருக்கேன்மா" என்று பதில் சொல்லிக்கொண்டேயிருந்தேன். ஆறாவது நாள் அவள், "மத்தியானம் வரும்போது மட்டும் நல்லாச் சூடா வருதே, காலையில ஏன் வரல?" என்றாள். அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டினேன். கார் ஹீட்டருக்கு வருவது இன்ஜின் தண்ணீரின் சூடுதான். கண் மங்கியவளுக்குக் காலில் தெரிந்தது, இரண்டு கண்ணும் தெரிந்த எனக்குத் தெரியவில்லை.

இன்ஜின் தண்ணீர் வழியில் தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று உண்டு. உள்ளே மெழுகு அடைத்த ஒரு சின்னப் பித்தளைக் குப்பி. தண்ணீர் குளிராக இருக்கும்போது அது வழியை மூடிவைத்திருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், சீக்கிரம் சூடாகும். எண்பது டிகிரி சுமாருக்கு மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அந்த வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். ஊட்டிக் காலையில் ரேடியேட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். பல வண்டிகளில் கியர் எண்ணெய் ஆறும் குழாயும் அதே ரேடியேட்டருக்குள்தான் இருக்கிறது. எனவே கியர் எண்ணெய்க்கும் சூடு ஏறாது.

சோதிக்கக் காசு வேண்டாம், கை போதும். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பிவிட்டு, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கை படாமல், இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயைத் தொட்டபடி நின்றேன். வால்வு நன்றாக இருந்தால் அது நெடுநேரம் ஜில்லென்று இருந்து, திடீரென்று சுட வேண்டும். என் வண்டியில் மூன்றாவது நிமிடத்திலிருந்தே வெதுவெதுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

இன்னொரு சோதனையும் செய்தேன். குளிர் நாளில் பழைய லாரி டிரைவர்கள் ரேடியேட்டர் முன்னால் சாக்கைக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் வர்க்கி வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. அதை வெட்டி ரேடியேட்டரில் பாதியை மறைத்துக் கட்டினேன். போனில் சூட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கேத்தி வருவதற்குள் 56. நாலாவது கியர் விழுந்தது. மனைவி, "இப்ப சூடா வருது" என்றாள். ஒரு லட்ச ரூபாய் வேலையா இல்லையா என்று ஒரு வர்க்கிப் பெட்டி சொல்லிவிட்டது. (இது சோதனைக்கு மட்டும். அட்டையைக் கட்டிக்கொண்டு மலை ஏறினால் இன்ஜின் கொதித்துவிடும்.)

நம் ஊர் மெக்கானிக் பாயிடம் நோட்டோடு போனேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், வண்டி எங்கே வாங்கினீங்க?" என்றார். கோயம்புத்தூர் என்றேன். சிரித்துக்கொண்டே வண்டி ஆறும்வரை காத்திருந்து, தண்ணீரை வடித்து, வால்வு இருக்கும் மூடியைக் கழற்றினார். எட்டிப் பார்த்தேன். வால்வு மாட்டிக்கொண்டிருக்கவில்லை. வால்வே இல்லை. வெறும் ஓட்டை.

"கீழே வெயில் ஊர்ல இது பழக்கம்தான் சார். ஒரு தடவை வண்டி சூடாச்சுன்னா வால்வைக் கழட்டிப் போட்டுருவாங்க. அங்கே ஒண்ணும் தெரியாது" என்றார்.

உண்மைதான். முப்பத்தைந்து டிகிரி வெயிலில் வால்வு இல்லாமலும் இன்ஜின் ஓரளவு சூடாகிவிடும். அங்கே ஹீட்டரை யார் போடப் போகிறார்கள்? வண்டியை முன்பு வைத்திருந்தவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் நவம்பர் வரை தெரியவில்லை. ஆனால் வால்வு இல்லாமல் ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், இன்ஜின் தேய்மானமும் கூடும். சூடான காரணத்தைத் தேடாமல் வால்வைக் கழற்றுவது, காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை உடைப்பது போலத்தான். பாய் ரேடியேட்டர் விசிறி, மூடி, கசிவு எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்து, சரியாக இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகுதான் புது வால்வு வாங்கச் சொன்னார்.

புது வால்வை அப்படியே மாட்ட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பின் முன் நின்றேன். "ரசம் கொதிக்குதான்னு கூட இப்படி ஒரு நாள் நின்னதில்லையே" என்றாள் மனைவி. வால்வில் 82 என்று பொறித்திருந்தது. 81-இல் வாய் லேசாகத் திறந்தது, 90 தாண்டியதும் நன்றாகத் திறந்துகொண்டது. அடுப்பை அணைத்ததும் மெதுவாக மூடிக்கொண்டது. வேலையை விட்டு இத்தனை வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பழைய சந்தோஷம் கொஞ்சம் திரும்ப வந்தது.

வால்வு, புது கேஸ்கெட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். மறுநாள் காலை லவ்டேல் பிரிவு வருவதற்கு முன்பே நாலாவது கியர் விழுந்தது. எல்லநள்ளியில் போன் 84 காட்டியது. ஹீட்டர் சூட்டுக்கு மனைவி சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிளம்பும்போது வந்த அந்த இரண்டு விநாடித் தாமதம் வால்வோடு சேர்ந்ததல்ல, அது அப்படியே இருந்தது. பழைய கியர் எண்ணெயை வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன அதே ரகம் புது எண்ணெய் ஊற்றினோம். வடித்தால் பாதிகூட வராது, மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை வடித்து ஊற்றினோம். தாமதம் ஒரு விநாடிக்குக் குறைந்துவிட்டது. மிச்சம் விறைத்துப்போன சீலாக இருக்கலாம். ஒன்பது வருட வண்டி இன்று பத்து வருட வண்டி. கிளப்பியதும் அரை நிமிடம் பொறுத்து, 'டி' போட்டு, அது பிடித்த பிறகுதான் ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கிறேன். காலையில் எழுந்ததும் என் முழங்காலுக்கும் அதே அரை நிமிடம் வேண்டியிருக்கிறது.

ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ள:

1. குளிரில் மட்டும் தகராறா, சூடான பிறகும் தகராறா என்று முதலில் பாருங்கள். சூடான பிறகும் வழுக்கினால், எண்ணெயில் கருகிய வாடையோ இரும்புத் தூளோ இருந்தால், அது உண்மையிலேயே கியர் பாக்ஸ் வியாதி. தள்ளிப்போடாதீர்கள்.

2. முதல் சில நிமிடம் மேல் கியர் தாமதமாக வருவது வியாதி அல்ல, ஏற்பாடு. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியும் வராவிட்டால் இன்ஜின் சூட்டைப் பாருங்கள்.

3. ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். நீண்ட தூரம் ஓடியும் வெதுவெதுப்பாக மட்டுமே காற்று வந்தால் தெர்மோஸ்டாட் மேல் சந்தேகப்படுங்கள். ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு பி0128 என்ற குறியீடு வந்தாலும் பெரும்பாலும் அதே அர்த்தம்தான்.

4. எண்ணெயைக் கையேட்டில் சொன்ன முறையில் பாருங்கள். பால் கலந்தது போல இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது என்று பொருள். அப்படியானால் வண்டியை ஓட்டவே கூடாது.

5. நான் சொன்னது டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு. ஏ.எம்.டி. என்று விற்பது சாதாரண கியர் பாக்ஸுக்கு ஒரு மோட்டாரைக் கட்டிய ஏற்பாடு. அதற்கு வியாதியும் வேறு, வைத்தியமும் வேறு.

6. மெக்கானிக்கிடம் மத்தியானம் கொண்டுபோய், "காலையில் தகராறு செய்கிறது" என்று சொல்லாதீர்கள். முதல் நாள் இரவே வண்டியை அவரிடம் விட்டுவிட்டு, காலையில் அவரையே கிளப்பச் சொல்லுங்கள்.

7. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதையும் நோட்டில் எழுதுங்கள்.

மனைவிக்குப் போன மாதம் பரிசோதித்தபோது வீக்கம் வற்றியிருப்பதாக டாக்டர் சொன்னார். இனி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போதுமாம். அடுத்தது தை மாதம் முதல் வாரம். நாலரைக்கே கிளம்ப வேண்டும், நல்ல உறைபனி இருக்கும். வளையல்கள் பெட்டியில் இல்லை. இப்போதெல்லாம் அவள் கையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறாள்.